நின்ற இடத்தில் ஓடிய எஞ்சின்

காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு எஞ்சின் நின்றது. டிக்கெட் கவுன்டரில் அச்சு இயந்திரத்துக்குப் புதுத் தாள் சுருள் மாட்டிக்கொண்டிருந்தேன். காது அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினேன். விரல் உரசும் சத்தம் கேட்டது. பகலில் அந்த நேரத்தில் அப்படி ஒரு சின்னச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை.

வாத்துரெஜோவில் ரயில் பாதை முடிகிறது. நகரத்திலிருந்து காலை ஒன்பது நாற்பதுக்கு வரும் ரயில் பிற்பகல் மூன்று இருபதுக்குத் திரும்பிப் போகும். நடுவில் எஞ்சின் மட்டும் பெட்டிகளை விட்டுக் கழன்று, நாங்கள் குடியிருக்கும் சந்துக்குப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு வந்து உறுமிக்கொண்டு நிற்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது ஒரு நாளும் வாயை மூடியதில்லை.

சந்தில் முதலில் கைக்குழந்தைகள் அழுதன. நான்கைந்து வீடுகளில், ஒரே நேரத்தில். எஞ்சின் சத்தத்தில் தூங்கிப் பழகியவை அவை. அப்புறம் கதவுகள் திறந்தன. க்ருபுக் அப்பளம் போட்டு விற்கும் இபு தமினா மூங்கில் தட்டும் கையுமாக ஓடி வந்தார்.

"யாரு மேல ஏறிடுச்சு? ஆளு யாரு?"

முடிதிருத்தும் கடையிலிருந்து ஒருவர் ஒரு கன்னத்தில் நுரையோடு வெளியே வந்தார். யாரோ பூகம்பம் என்றார்கள். ஒரு கிழவர் செத்தவர்களுக்குச் சொல்லும் துவாவை ஆரம்பித்தேவிட்டார்.

எஞ்சின் கேபின் ஜன்னலில் பாக் கஸ்முஜியின் தலை தெரிந்தது. பெரியவர்களை நாங்கள் ஐயா, அம்மா என்பதற்குப் பதில் பாக், இபு என்போம்.

"ஒண்ணுமில்ல! யாரும் சாகல! நாங்கதான் நிறுத்தினோம்!"

அவர் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினார். ஆனால் அது ஸ்டேஷனைத் தாண்டிக் காய்கறிச் சந்தை வரைக்கும் கேட்டது. எஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி இபு ருமினி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்களேன்! ஊரே கேக்குது!"

"மெதுவாத்தான் பேசுறேன்!"

குழந்தைகள் இன்னும் பலமாக அழுதன.

பாக் கஸ்முஜிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. முப்பத்திரண்டு வயதுவரை ரயில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் ஒரு நாள், இங்கே அணைத்து நிறுத்திய எஞ்சின் திரும்ப எடுக்கவில்லை. பாதையின் கடைசி ஊர், உதவிக்கு வேறு எஞ்சின் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் காய்கறிக் கூடைகளோடு முந்நூறு பேர் மறுநாள் வரை ஸ்டேஷனில் கிடந்தார்கள். நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கோபத்தோடு ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார்: "இங்கே எஞ்சினை நிறுத்தாதே." ஓடுகிற எஞ்சினைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமே? பெட்டி கழுவியவர் எஞ்சின் காவலாளி ஆனார்.

வேலை இதுதான். டிரைவர் இறங்கி ஓய்வறைக்குப் போனதும் இவர் ஏறுவார். எண்ணெய் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார், காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பார். பிறகு கேபின் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, சின்ன ரேடியோவில் கெரொன்சோங் பாட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் ஓடும்வரை இறங்கக்கூடாது என்பது உத்தரவு. மதியச் சோற்றைக்கூட இபு ருமினி தூக்கில் கட்டிக் கொடுத்துவிடுவார். இவர் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொள்வார். இருபத்தொரு வருடம்.

சந்துக்கும் அந்த எஞ்சினுக்கும் தனிக் கணக்கு இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் பெரிய விசிறி வெளியே தள்ளும் வெந்நீர் ஆவி போன்ற காற்று நேராகச் சந்துச் சுவரில் அடிக்கும். அந்தச் சுவரில் ஆணி அடித்து இபு தமினா க்ருபுக் தட்டுகளை வரிசையாக மாட்டியிருந்தார். மழைக்காலத்தில் சந்து முழுவதும் அங்கேதான் துணி காயப்போடும். வெள்ளைச் சட்டைகள் மட்டும் ஒரு மாதத்தில் பழுப்பாகிவிடும். பள்ளிக்கூடத்தில் எங்கள் சந்துப் பிள்ளைகளைச் சட்டையை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நிறுத்தும் உத்தரவு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் நகரத்து அலுவலக அதிகாரி பாக் ஹெந்தார்தோ. டீசல் செலவையும் புகையையும் குறைக்கும் வேலை அவருக்கு. நல்ல மனிதர், வேகமாகப் பேசுவார், எதற்கும் விரலை நீட்டி எண்ணுவார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் எந்த எஞ்சினும் இனி அணைக்கப்பட வேண்டும், வாத்துரெஜோவில் முதல் சோதனை என்றார். எந்த நாள் என்று மட்டும் சொல்லவில்லை.

"இந்தப் பாதைக்கு மின்கம்பி வர்றதுக்குள்ள எனக்கும் உங்களுக்கும் பல்லு போயிடும்," என்றார் ஸ்டேஷன் வராந்தாவில் எல்லோரையும் உட்காரவைத்து. "அதுவரைக்கும் இந்த எஞ்சின்தான். ஓடும்போது எரியட்டும், வேண்டாம்னு சொல்லல. நிக்கும்போது எதுக்கு எரியணும்? மணிக்குப் பதினெட்டு லிட்டர். ஒரு லிட்டர் எரிஞ்சா ரெண்டே முக்கால் கிலோ கரியமில வாயு."

பாக் கஸ்முஜி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பாக், ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை வராது. புகை மட்டும் எப்படி ரெண்டே முக்கால் கிலோ?"

"எரியும்போது காத்தையும் சேர்த்துக்குது பாக்."

"காத்தையுமா?" பாக் கஸ்முஜி திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான திகைப்பு. "இத்தன நாளு காத்தையுமா தின்னுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். இபு தமினா சிரிக்கவில்லை.

"உங்க கிலோ எல்லாம் இருக்கட்டும் பாக். என் க்ருபுக் எதுல காயும்?"

"வெயில்ல, இபு."

"இந்த மலையில வெயிலு எங்க இருக்குன்னு உங்க ஆபீஸ்ல கேட்டு ஒரு கடுதாசி போடுங்க."

மறுபடி சிரிப்பு. ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: நிறுத்தினால் திரும்ப எடுக்காது. வேலை போகப்போகிறவரோ அமைதியாக இருந்தார். அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் இபு தமினா அவரை வழிமறித்துக் கேட்டது எனக்குக் கவுன்டர் வரை கேட்டது.

"எடுக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"எடுக்கும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்ச மூஞ்சியப் பாரு. நாற்காலிய உருவுறாங்க, இவரு குஷன் சரியா இருக்கான்னு பாக்குறாரு."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

சோதனை நாளில் எஞ்சினை அணைத்தது டிரைவர் மாஸ் தெகு. அவருக்கு முப்பது வயதிருக்கும், பாக் என்று அழைக்கும் வயதில்லை, அதனால் மாஸ், அண்ணன். பாக் ஹெந்தார்தோ ஒரு நீளக் கம்பியை டீசல் தொட்டிக்குள் விட்டு அளவு பார்த்து எழுதிக்கொண்டார். மாஸ் தெகு பொத்தானை அமுக்கினார். சந்து ஓடி வந்தது, விஷயம் தெரிந்ததும் முனகிக்கொண்டே திரும்பிப் போனது. மாஸ் தெகு ஓய்வறைக்குப் போனார். பாக் ஹெந்தார்தோ ஸ்டேஷன் மாஸ்டரோடு மீன் சாப்பிடப் போனார்.

பாக் கஸ்முஜி வழக்கம்போலக் கேபினில் ஏறி உட்கார்ந்தார். மின்விசிறி ஓடியது. விளக்கு எரிந்தது. ரேடியோ பாடியது. எஞ்சினின் அடியில் எங்கோ ஒரு சின்ன மோட்டார் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தில் எனக்குக்கூட அது கேட்டது. ஏதோ ஓடத்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு மாஸ் தெகு ஏறினார். அதற்குள் ஸ்டேஷன் நிறைந்திருந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகள், நகரத்து மருத்துவமனைக்குப் போகும் ஒரு கர்ப்பிணி, கல்லூரிப் பிள்ளைகள். சந்தும் வந்திருந்தது, இந்த முறை வேடிக்கை பார்க்க.

பொத்தான் அமுக்கப்பட்டது. எஞ்சின் ஒருமுறை முனகியது. ஆழமாக, வலியில் முனகுவதுபோல. அடுத்து ஒரு கிளிக். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மறுபடி அமுக்கினார். கிளிக் மட்டும்.

"செல்ஃப் எடுக்கல," என்றார் மாஸ் தெகு. அவர் குரலே மாறியிருந்தது.

மூன்று இருபது போய்விட்டது. மூன்று நாற்பதும் போய்விட்டது. கவுன்டர் ஜன்னலுக்குள் பத்துக் கைகள் நுழைந்தன. கீழே இருக்கும் பெரிய ஸ்டேஷனிலிருந்து வேறு எஞ்சின் கிளம்பியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. பேசிக்கொண்டே வெளியே பார்த்தேன். பாக் ஹெந்தார்தோ கேபினுக்குள் ஏறினார். சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். எரியும் விளக்கைப் பார்த்தார். பின்பக்கச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் பெரிய கைப்பிடியைப் பார்த்தார். அது மேலேயே இருந்தது.

இறங்கி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"பாக் கஸ்முஜி. எஞ்சின அணைச்சா மெயின் சுவிட்ச இழுத்துவிடணும். இல்லன்னா பேட்டரி அஞ்சு மணி நேரமும் காலியாகிக்கிட்டே இருக்கும். இது டிப்போல கூட்டிப் பெருக்குறவனுக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு இருபத்தொரு வருஷமாத் தெரியாதா?"

"தெரியாது பாக்."

"தெரியாதா?"

"அணைச்சாத்தானே அத இழுக்கணும்? இங்க அணைக்கிறதே இல்லையே. எனக்கு யாரும் சொல்லல."

அவர் சொன்னது நிஜம். இருபத்தொரு வருடம் ஒரு பொருளோடு வாழ்ந்தவர், அதை அணைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருக்கவில்லை. அதைக் கேட்டு அவரே அதிர்ந்து நின்றார். கேபின் கதவையும் அந்தக் கைப்பிடியையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பாக் ஹெந்தார்தோ நம்பவில்லை. "ஒரு வாரமா சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க. வேல போகப்போற ஆளு சிரிப்பானா? எடுக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். சோதனை தோத்தா உங்க நாற்காலி உங்களுக்கு. வேணும்னே பண்ணியிருக்கீங்க."

பிளாட்பாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முட்டைக்கோஸ் மூட்டைக்காரர் ஒருவர் துப்பினார். அந்த நேரத்தில் பாக் கஸ்முஜிக்காகப் பேச வந்தார் இபு தமினா. அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"பண்ணா என்ன தப்புங்கிறேன்? என் பொழப்பா இருந்தா நான் மண்ணையே அள்ளிப் போட்டிருப்பேன்!"

"கேட்டீங்களா?" என்றார் பாக் ஹெந்தார்தோ.

பாக் கஸ்முஜி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். நாசவேலை என்று எழுதினால் வேலை மட்டும் போகாது, ஓய்வூதியமும் போகும். அவர் கடைசி மகன் அப்போதுதான் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஆனால் அதைவிட, பெட்டி கழுவிய நாளிலிருந்து ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர் அவர். ஊர் அவரைப் பற்றிச் சொல்வது அந்த ஒன்றுதான்.

அவர் பாக் ஹெந்தார்தோவின் முழங்கையைத் தொட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தலையைக் குனிந்து, வாயை அவர் காதருகே வைத்துக்கொண்டுதான் பேசினார். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எஞ்சினும் ஓடவில்லை.

"நான் எதையும் கெடுக்கல பாக். எடுக்கும்னு நெனச்சேன். ஏன்னா, நான் ஒரு தடவ நிறுத்திப் பாத்திருக்கேன்."

ஸ்டேஷன் முழுவதும் கேட்டது. கவுன்டரில் நீண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"எப்போ?"

"பதினாலு வருஷம் முன்னாடி. லெபாரன் பெருநாள் அன்னைக்கு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆறு லெபாரன் இந்தக் கேபின்ல தனியா உக்காந்து கெத்துபாத் சோறு தின்னேன். நோன்பு முடிஞ்சு ஊரே கூடித் திங்குது, எனக்கு மட்டும் கயிறு கட்டி மேல வருது. ஓடுற எஞ்சின விட்டு இறங்கக்கூடாதுன்னு உத்தரவு. நிக்கிற எஞ்சின விட்டு இறங்கக்கூடாதுன்னு உத்தரவு இல்லையே? ஏழாவது வருஷம் நிறுத்திட்டேன். மசூதி ஒலிபெருக்கி எல்லாம் கத்திக்கிட்டு இருந்துச்சு, யாருக்கும் தெரியல. வீட்டுக்குப் போனேன். பெருநாள் வழக்கப்படி பசங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாங்க. சாப்பிட்டேன். ரெண்டு மணி நேரம். திரும்பி வந்து பொத்தான அமுக்கினேன். ஒரே அமுக்கு பாக். எடுத்துடுச்சு."

"எடுத்துடுச்சு," என்றார் பாக் ஹெந்தார்தோ.

"ஆமா. அப்போ பேட்டரி புதுசு போல. அது எனக்குத் தெரியாது. எடுக்கும்னு மட்டும்தான் தெரியும்."

"அப்போ," பாக் ஹெந்தார்தோவின் விரல் தானாக நீண்டு, எண்ணாமல் நின்றது. "இத நிறுத்தலாம்னு பதினாலு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

ஒரு குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்கப் பேசிய பாக் கஸ்முஜி, எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார்.

"தெரியும்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா, அப்புறம் நீ எதுக்குன்னு கேப்பீங்களே பாக்."

இபு ருமினி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த லெபாரன் பகலில் கணவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டது அவருக்கு நினைவிருந்திருக்கும். அன்றைக்கு யாரோ மாற்றாள் வந்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாராம்.

பாக் ஹெந்தார்தோ பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒன்பது வருடப் பழையது. பாதி அறைகளில் நீரே இல்லை. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்ததால் அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. மாஸ் தெகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சுவிட்ச இழுக்கணும்னு எனக்கும் தோணல பாக். டிப்போல எலக்ட்ரீஷியன் இழுத்துருவாங்க. நான் பாட்டுக்கு இறங்கிப் போயிடுவேன். என்னையும் எழுதிக்கங்க."

உதவி எஞ்சின் ஐந்தே முக்காலுக்கு வந்தது. ரயில் ஆறு மணிக்குக் கிளம்பியது. கர்ப்பிணியை அதற்குள் யாரோ காய்கறி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு வழியில் ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் தகவல் வந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

விசாரணை அறிக்கையில் நாசவேலை என்ற சொல் இல்லை. பழைய பேட்டரி, முறையான பயிற்சி இல்லாமை என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்தில் புது பேட்டரி வந்தது. பலகையைக் கழற்றினார்கள். இப்போது தினமும் எஞ்சின் அணைகிறது, டிரைவரே சுவிட்சை இழுக்கிறார், மூன்று மணிக்கு ஒரே அமுக்கில் எடுக்கிறது. காவலாளி பதவி நீக்கப்பட்டு, பாக் கஸ்முஜி ஏழு கிலோமீட்டர் கீழே இருக்கும் ரயில்வே கேட்டுக்கு மாற்றப்பட்டார்.

எனக்கு அதிர்ச்சி தந்தது இன்னொன்று. அவர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட அந்தப் பதினாலு வருடத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நகல் கொடுக்க வந்த பாக் ஹெந்தார்தோவிடமே பாக் கஸ்முஜி கேட்டார்.

"நான் சொன்னது எங்க பாக்?"

"எத எழுதுறது? உத்தரவு என்ன? நிறுத்தாதே. நீங்க நிறுத்தல. அது குத்தம் இல்ல. நீங்க பண்ண ஒரே குத்தம் அந்த ரெண்டு மணி நேரம் நிறுத்தினதுதான். அத எழுதவா?"

பாக் கஸ்முஜி நகலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இந்தப் படிவத்துல அதுக்கு எடமே இல்ல பாக்," என்றார் பாக் ஹெந்தார்தோ, கொஞ்சம் மெதுவாக. "விடுங்க."

பாக் கஸ்முஜி விடவில்லை. கேட்டுக்குப் போகும் முன்னால் கடைசி நாள், காலை ரயிலில் வந்த கூட்டம் கலைந்ததும், என் கவுன்டர் முன்னால் வந்து நின்றார். டிக்கெட் எடுக்க வந்தவர் போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். என்னை அவர் நாக், பிள்ளை, என்றுதான் கூப்பிடுவார்.

"நாக், உனக்குக் கணக்கு வரும். மணிக்குப் பதினெட்டு லிட்டர்னு சொன்னாரே. பதினாலு வருஷத்துக்கு எவ்வளவுன்னு போட்டுச் சொல்லு."

"இருபத்தொண்ணு இல்லையா பாக்?"

"மொத ஏழு வருஷம் எனக்குத் தெரியாது. அது உத்தரவு போட்டவன் கணக்கு. எனக்குத் தெரிஞ்சப்புறம் எவ்வளவு?"

கால்குலேட்டரை எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். தொண்ணூறு லிட்டர். வருடத்துக்குப் பெருக்கினேன், பதினான்கால் பெருக்கினேன். வந்த எண்ணைப் பார்த்து, தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. நாலு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

"சொல்லு நாக்."

சொன்னேன். ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன.

"அது எவ்வளவுன்னு எனக்குப் புரியல. வேற மாதிரி சொல்லு."

நம் ரயில் நகரத்துக்குப் போய்த் திரும்ப அறுநூறு லிட்டர் ஆகும் என்று மாஸ் தெகு எப்போதோ சொல்லியிருந்தார். வகுத்தேன்.

"நம்ம ரயிலு தினமும் போய்ட்டு வந்தா, ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கும் பாக்."

"ரெண்டு வருஷம்." அவர் திரும்பிச் சந்துப் பக்கத் தண்டவாளத்தைப் பார்த்தார். எஞ்சின் அணைந்து நின்றது. "ஒரு ஆளையும் ஏத்தாம. அங்கிருந்து ஒரு முழம் நகராம."

அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அத ஒரு தாள்ல எழுது. பாக் ஹெந்தார்தோவுக்குன்னு போடு. அறிக்கையோட சேர்த்து வைக்கச் சொல்லு."

"பாக், கேட் வேலைக்கும் ஏதாவது ஆயிடும். உங்க பையன் படிப்பு..."

"ஆனா ஆகட்டும். அந்த ரெண்டு மணி நேரத்த மட்டும் கழிச்சுடு. அது நான் நிறுத்தினேன்."

முப்பத்தாறு லிட்டரைக் கழித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரையும், பணி எண்ணையும். பிற்பகல் ரயிலின் கார்டிடம் உறையைக் கொடுத்தேன்.

ஏழு வாரம் பதில் இல்லை. கேட் வழியாகப் போகிற ஒவ்வொரு கார்டிடமும் அவர் "ஏதாவது வந்துச்சா?" என்று கத்திக் கேட்பதாகச் சொன்னார்கள். அவர் வேலை போகவில்லை. அவருக்கு அது ஆறுதலாக இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. சந்தில் அவர் பேச்சை எடுத்தால் இபு தமினா, "வாயைக் கொஞ்சம் மூடியிருந்தா அந்த மனுஷன் இன்னைக்கும் நெழல்ல உக்காந்திருப்பாரு, நானும் க்ருபுக் காயவெச்சிருப்பேன்" என்பார்.

எட்டாவது வாரம் பாக் ஹெந்தார்தோ போன் செய்தார். வழக்கமான வேகம் இல்லை. அந்தத் தாளை அவருடைய மேலதிகாரி முதலில் வேடிக்கை என்று நினைத்தாராம். பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: அந்தப் பலகை வாத்துரெஜோவில் மட்டும்தான் இருந்ததா? யாருக்கும் தெரியவில்லை. ஆளனுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"பதினோரு ஸ்டேஷன்," என்றார். "அதே எழுத்து, அதே வாசகம். ஒவ்வொண்ணுலயும் ஒரு காவலாளி. எல்லாத்தையும் கழட்டச் சொல்லி உத்தரவு போயிருக்கு. அவருகிட்ட சொல்லிடுங்க. நேர்ல சொல்லுங்க, போன்ல வேணாம்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பைக்கில் இறங்கினேன். பாக் கஸ்முஜி கேட் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து டீக்கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கேட்டது. நான் இறங்கி, முதலில் அவர் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளினார்.

"தாளு என்ன ஆச்சு?"

சொன்னேன். பலகை, ஆள் அனுப்பியது, உத்தரவு. எண்ணைக் கடைசியில் சொன்னேன்.

"பதினொண்ணா?"

"ஆமா பாக். நம்மளோடது போக."

அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பதினோரு எஞ்சினை அவர் கண்ணால் எண்ணுவது தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"அங்கெல்லாம் லெபாரன் அன்னைக்கு ஒருத்தன்கூடவா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடல, நாக்?"